கூட்டமாகப் போனாலும் வண்டி அவரவர் கையில்

குழுவாக மோட்டார்சைக்கிளில் பயணம் போகும்போது நான் பெரும்பாலும் கடைசி வண்டியாகவே வருகிறேன். எல்லோருக்கும் முன்னால் வழிகாட்டிப் போகிறவரை லீட் என்றும், எல்லோருக்கும் பின்னால் வந்து யாரும் விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறவரை ஸ்வீப் என்றும் ரைடர்கள் சொல்வார்கள். லீடாகப் போகிறவர் தன் கண்ணாடியில் இரண்டு மூன்று ஹெட்லைட்டுகளைத்தான் பார்க்க முடியும். வளைவில் யார் எப்படிச் சாய்கிறார், யாருடைய பிரேக் விளக்கு தேவைக்கு மேல் எரிகிறது, யார் முன்வண்டியை ஒட்டிக்கொண்டே போகிறார் என்பதெல்லாம் கடைசியில் வருகிறவருக்குத்தான் தெரியும். அப்படிப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து என் மனத்தில் உறுதிப்பட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். குழுவில் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே பலர் தங்கள் வேகத்தைத் தாங்களே தீர்மானிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குழுப் பயணங்களில் நான் கண்ட ஆபத்தான கணங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்கின.

தனியாகப் போகும் ஒருவர், எதிரே சாலை தெரியாத வளைவு வந்தால் தானாகவே வேகத்தைக் குறைப்பார். மணல் கொட்டிக் கிடக்கலாம், மாடு நிற்கலாம், லாரி ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வரலாம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதே மனிதர் குழுவில் ஐந்தாவது வண்டியாகப் போகும்போது, முன்னால் நான்கு பேர் அந்த வேகத்தில் போய்விட்டார்கள் என்பதையே தனக்கும் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்கிறார். அவருடைய பார்வை சாலையை விட்டு முன்வண்டியின் பின்விளக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது. முன்னால் போகிறவருக்குப் பதினைந்து வருடப் பழக்கம் இருக்கலாம், அவருடைய வண்டியில் பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கலாம், டயர் புதிதாக இருக்கலாம். இவருக்கு இவற்றில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் வேகம் மட்டும் இருவருக்கும் ஒன்றாகிவிடுகிறது.

இது மிகத் தெளிவாகத் தெரிவது ஓவர்டேக் செய்யும்போதுதான். இருவழிச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து ஒன்றை, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவர் முந்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 20 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். பேருந்துக்கு 15 மீட்டர் பின்னால் வலப்பக்கம் விலகி, 11 மீட்டர் நீளமுள்ள அதைக் கடந்து, அதற்கு முன்னால் இன்னொரு 15 மீட்டர் இடைவெளி விட்டு இடப்பக்கம் சேர அவருக்கு ஏழு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் ஏறத்தாழ 125 மீட்டர் போயிருப்பார். எதிரே அதே வேகத்தில் லாரி ஒன்று வந்தால் அதுவும் அவ்வளவு தூரம் நெருங்கியிருக்கும். ஆக, விலகும் நேரத்தில் கண்ணுக்கு எட்டிய வரை குறைந்தது 250 மீட்டர் சாலை காலியாக இருந்தால்தான் அந்த ஓவர்டேக் நடக்கும். அதுவும் எந்த உபரியும் இல்லாத கணக்கு.

குழுவின் முதல் ஆள் அந்த 250 மீட்டரைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார். இரண்டு நொடி கழித்து அவர் பின்னாலேயே விலகும் இரண்டாவது ஆளுக்கு அந்தச் சாலை இல்லை. அந்த இரண்டு நொடிக்குள் எதிரே வரும் லாரி 33 மீட்டர் நெருங்கிவிட்டது, பேருந்தும் 22 மீட்டர் முன்னேறிவிட்டது, இரண்டும் சேர்ந்து 55 மீட்டரை விழுங்கிவிட்டன. மூன்றாவது ஆளுக்கு இன்னொரு 55 மீட்டர் குறைவு. ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போது அவர்கள் மூவரும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்ததுபோல ஒருவர் பின் ஒருவராக வலப்பக்கம் விலகுவதைத்தான் நான் பல முறை கண்டிருக்கிறேன். மூன்றாமவரின் ஹெல்மெட் ஒரு முறைகூட வலப்பக்கம் சாய்ந்து எதிர்ச் சாலையைப் பார்த்திருக்காது.

ஆகவே ஓவர்டேக் என்பது குழு செய்யும் வேலை இல்லை என்பதை ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் சொல்லிவிடுவேன். ஒருவர் முந்தியதும் அடுத்தவர் பேருந்துக்குப் பின்னால் அந்த இடத்துக்கு வந்து, தானே பார்த்து, தனக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் போக வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் ஆனாலும் ஐந்து நிமிடம் ஆனாலும் சரி. முந்திப் போனவர் உடனே வேகத்தைக் குறைத்துப் பேருந்துக்கு முன்னால் தொற்றிக்கொண்டு நிற்கவும் கூடாது; பின்னால் வருகிறவர் வந்து சேர அங்கே இடம் வேண்டும். முன்னால் போனவர் கையை ஆட்டி ‘வா, வா’ என்று சைகை காட்டும் பழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அவர் காட்டும் சைகைக்கும் பின்னால் இருப்பவர் விலகிப் போய் முடிப்பதற்கும் இடையில் பல நொடிகள் இருக்கின்றன, அந்த நொடிகளுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு தமிழ்நாடுதான் முதலிடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பும் நாமும் இதே சாலைகளில்தான் போகிறோம்.

இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்தத் தொடங்கவே ஒரு நொடி போய்விடும். அதனால்தான் நேர் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்கிறார்கள். முன்வண்டி ஒரு மைல்கல்லையோ மரத்தையோ கடந்து இரண்டு நொடி கழித்து நாம் அதைக் கடந்தால் இடைவெளி சரி. மழை பெய்தாலோ, பில்லியனில் (பின்னிருக்கையில்) ஆள் இருந்தாலோ, இருட்டினாலோ இன்னும் கூட வேண்டும்.

இப்போது பத்து வண்டிகள் இந்த இரண்டு நொடி ஒழுங்கில் போவதாக நினைத்துப் பாருங்கள். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையில் 18 நொடி. அறுபதில் போகும்போது அது 300 மீட்டர். ஊருக்குள் ஒரு வேகத்தடை வந்து எல்லோரும் இருபதுக்கு இறங்கினால் அதே 18 நொடி 100 மீட்டராகச் சுருங்கிவிடும். வேகத்தடையைத் தாண்டியதும் லீட் மீண்டும் அறுபதுக்கு ஏறுகிறார். பின்னால் இருபதில் ஊர்ந்துகொண்டிருக்கும் கடைசி ஆளின் கண்ணுக்கு முன்னால் அந்த நூறு மீட்டர் முந்நூறாக விரிகிறது. நேரக் கணக்கில் எதுவுமே மாறவில்லை. அவரும் தன் முறை வரும்போது அறுபதுக்கு ஏறினால் போதும், பழைய ஒழுங்கு அப்படியே இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது நேரம் இல்லையே, தூரம்தானே. ‘விட்டுவிட்டுப் போகிறார்கள்’ என்ற பதைப்பில் அவர் எண்பதுக்கு முறுக்குகிறார். லீட் நிதானமாக அறுபதில் போய்க்கொண்டிருக்கும் ஒரு குழுவில், குழுவிலேயே பழக்கம் குறைந்தவர் எண்பதில் துரத்திக்கொண்டு வருவது இப்படித்தான் நடக்கிறது. ‘எங்க லீட் ரொம்ப மெதுவாத்தான் போவாருங்க’ என்று பெருமையாகச் சொல்லும் குழுக்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு லீட் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊரோ, வேகத்தடையோ, சுங்கச்சாவடியோ தாண்டியதும் உடனே வேகம் பிடிக்காமல், கடைசி வண்டியும் அதைக் கடந்துவிட்டது என்று கண்ணாடியிலோ இன்டர்காமிலோ தெரியும் வரை மிதமாகப் போய், பிறகு படிப்படியாக ஏற வேண்டும். பத்து வண்டிகளை ஒரே சரமாகக் கொண்டுபோவதே எனக்கு உடன்பாடில்லை. ஐந்து அல்லது ஆறு வண்டிகளுக்கு ஒரு லீட், ஒரு ஸ்வீப் என்று பிரித்துவிட்டு, இரண்டு குழுக்களுக்கும் நடுவில் சில நிமிட இடைவெளி விட்டுவிட்டால் பிற வாகனங்களுக்கும் நம்மைக் கடந்துபோக இடம் கிடைக்கும்.

நான்குவழிச் சாலையில் லீட் வழித்தடத்தின் வலப்பக்கமும், அடுத்தவர் ஒரு நொடி பின்னால் இடப்பக்கமும், மூன்றாமவர் மீண்டும் வலப்பக்கமுமாக மாறி மாறிப் போவது நல்ல முறை. நேர் முன்னால் இருப்பவரோடு இரண்டு நொடியும் கிடைக்கும், குழு அளவுக்கு மீறி நீளவும் செய்யாது. ஆனால் சாலை குறுகினாலோ வளைந்தாலோ அந்த அமைப்பை அக்கணமே விட்டுவிட்டு ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். வளைவில் ஒருவருக்கு வழித்தடத்தின் முழு அகலமும் தேவைப்படும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் பின்தங்கும் பயம் போகாது. அதற்குக் காரணம் வெட்கம் பாதி, வழி தவறிவிடுமோ என்ற கவலை பாதி. இரண்டாவதைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் லீடுக்கு அடுத்து வருகிறவர் பாதுகாப்பான ஓரத்தில் நின்றுகொண்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் திரும்ப வேண்டிய திசையைக் காட்டுவார். கடைசியாக ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அப்போது லீடுக்கு அடுத்திருப்பவர் நிற்பார். இந்த முறையில் யாரும் யாரையும் கண்ணில் வைத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நேர்ச் சாலையில் எவ்வளவு பின்தங்கினாலும் அடுத்த பிரிவில் ஒருவர் நிற்பார் என்று தெரிந்துவிட்டால் துரத்துவதற்கான காரணமே இல்லாமல் போகிறது. கூகுள் மேப்பில் இடத்தைக் குறித்து அனுப்பிவிட்டோம், அது போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஓடும் வண்டியில் கைப்பேசியைப் பார்க்க வைப்பதைவிடத் திருப்பத்தில் ஓர் ஆளை நிறுத்துவது எவ்வளவோ மேல்.

வெட்கத்தைத் தீர்ப்பது இவ்வளவு எளிதில்லை. கொல்லிமலைக்குப் போகும் வழியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சேலத்திலிருந்து ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக வந்தால் காரவள்ளியில் மலைச்சாலை தொடங்கும். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அதன் எண் எழுதிய பலகை இருக்கும். தமிழ்நாட்டு ரைடர்கள் பலருக்கு இந்த மலை ஒரு தேர்வுக்கூடம் மாதிரி. ஏறி இறங்கிய பிறகு அதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு மகிழ்ச்சி. அன்று எங்களோடு ஒரு தம்பி வந்திருந்தார். 350 சிசி வண்டியைப் புதிதாக எடுத்திருந்தார், மலையில் ஓட்டியதில்லை. அடிவாரத்தில், ‘முன்னாடி லீடுக்குப் பின்னாலேயே போறீங்களா, இல்ல எங்கூட வர்றீங்களா?’ என்று கேட்டதற்கு, ‘பரவாயில்லைங்கண்ணா, நடுவுலயே போயிடறேன்’ என்றார்.

பத்து வளைவுகள் ஏறுவதற்குள் அவரை விட்டு மற்றவர்கள் மறைந்துவிட்டார்கள், அவருக்குப் பின்னால் நான் மட்டும் இருந்தேன். இடப்பக்கம் திரும்பும் வளைவு ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி நடந்தது. வளைவை நெருங்கும் வரை மூன்றாவது கியரிலேயே வருவார். உள்ளே நுழைந்த பிறகு இன்ஜின் திணறும். அவசரமாகக் கிளட்சைப் பிடித்துக் கியரைக் குறைப்பார். அந்த நேரத்தில் வண்டிக்கு இழுவை இல்லாமல் போய், அது நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கத் தடுப்புச் சுவரை நோக்கி நகரும். அவருடைய ஹெல்மெட்டும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு முழங்கைகளும் விறைத்துப்போய் நேராக நிற்கும். வளைவு முடிந்ததும் மேலே எங்கோ கேட்கும் சத்தத்தை எட்டிப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை முறுக்குவார். ஒரு பேருந்து இறங்கி வந்திருந்தால் அவர் இருந்த இடம் பேருந்தின் இடம்.

கொஞ்சம் அகலமான ஓர் ஓரத்தில் ஹெட்லைட்டை விட்டு விட்டு எரித்து அவரை நிறுத்தினேன். ‘தம்பி, முன்னாடி போறவங்கள மறந்துருங்க. வளைவுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துருங்க, ரொம்பச் செங்குத்தா இருந்தா ஒண்ணுகூடப் போடலாம். சுவத்தப் பாக்காதீங்க, வளைவு முடியற இடத்தப் பாருங்க. கண்ணு போற பக்கந்தான் வண்டி போகும்’ என்றேன். அவர் கேட்ட கேள்வி வண்டியைப் பற்றி இல்லை. ‘மேல காத்துக்கிட்டிருப்பாங்களேங்கண்ணா?’ என்றார். ‘காத்துக்கிட்டிருக்கட்டும். அதுக்குத்தான் மேல இருக்கற சோளக்காடு ஊர்ல நிக்கச் சொல்லியிருக்கு. எத்தன நேரமானாலும் நிப்பாங்க’ என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அடுத்த சில வளைவுகளிலேயே முழங்கைகள் தளர்ந்தன. வண்டி தன் பக்கத்துக்குள் திரும்பியது. திறமை ஐந்து நிமிடத்தில் கூடிவிடாது. துரத்துவது நின்றதும் இருந்த திறமையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சோளக்காட்டில் மற்றவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தாமதத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நல்ல குழுவை நான் இதைக் கொண்டுதான் எடை போடுகிறேன். கடைசியில் வந்தவரைப் பார்த்து ‘என்னப்பா, உருட்டிக்கிட்டு வந்தியா?’ என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டுவிட்டால் போதும், இறங்கும்போது அந்த ஆள் தன் சக்திக்கு மீறி ஓட்டுவார். அவரவர் வேகத்தில் ஓட்டுவது தனிமனிதப் பொறுப்பு என்று சொல்லும் உரிமை, அப்படி ஓட்டுகிறவரைச் சிறுமைப்படுத்தாத குழுவுக்குத்தான் உண்டு. கடைசியாக வந்து சேர்ந்தவருக்கும் முழு ஓய்வு கிடைக்க வேண்டும். அவர் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மற்றவர்கள் கிளம்பிவிடுவது பல குழுக்களில் நடக்கிறது. அதிகம் களைத்தவருக்கு மிகக் குறைந்த ஓய்வு என்றாகிவிடுகிறது.

இறக்கம்தான் ஏற்றத்தைவிடக் கடினம். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டி இறங்குவதும், பின்பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதும் பிரேக்கைச் சூடாக்கி, பாதி மலையிலேயே லிவரைத் தொளதொளக்க வைத்துவிடும். கருகிய வாடை வந்தாலோ, லிவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ, அப்படியே ஓரத்தில் நிறுத்திச் சூடு ஆறும் வரை உட்கார்ந்துவிட வேண்டும். குழு போய்விடுமே என்று இதில் தயங்கவே கூடாது. ஸ்கூட்டரில் வருகிறவர்களை இறக்கத்தில் லீடுக்கு நேர் பின்னால் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கியரைக் குறைத்து இன்ஜினால் பிடிக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய வேகமே குழுவின் வேகமாக இருந்தால் யாரும் கெட்டுப்போவதில்லை.

குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஏறுகிறவர் நாமாக இருந்தாலும், மேலே பேருந்து வளைவுக்குள் நுழைவது தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுவது நல்லது. கொண்டை ஊசி வளைவில் திரும்பப் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அதன் ஓட்டுநர் அந்த மலையில் தினமும் ஏறி இறங்குகிறவர். அங்கே வாழும் மக்களையும், மிளகும் மரவள்ளியும் ஏற்றிவரும் வண்டிகளையும் பொறுத்தவரை நாம் ஒரு நாள் விருந்தாளிகள். வளைவிலேயே வண்டியை நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும், குரங்குகளுக்குத் தின்ன ஏதாவது போடுவதும் அவர்களுடைய பாதையை ஆபத்தாக்கும் செயல்கள். குழுவாக இருக்கும்போது அந்தத் துணிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிடுகிறது.

சட்டத்துக்குக் குழு என்று ஒன்று கிடையாது. உரிமம், காப்பீடு, வேகம் எல்லாம் அவரவர் பெயரில்தான். ‘லீட் போனார், நானும் போனேன்’ என்பதை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். ஹெல்மெட் அணியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிம இழப்பும் உண்டு. அதைவிடப் பெரிய கணக்கு, முன்னே சொன்ன 2022 அறிக்கையில் இருக்கிறது. அந்த ஆண்டு ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள், ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமாக, 50,029 பேர். ஓட்டுகிறவர் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட்டும் பில்லியனில் இருப்பவர் பேருக்கு ஒரு தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தால் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது என் கருத்து. கொக்கி மாட்டாத ஹெல்மெட்டும் அப்படித்தான். பதினெட்டு வயது நிறையாத தம்பியை ‘நல்லா ஓட்டுவான்’ என்று அழைத்து வருகிறவர்களிடமும் இதே உறுதி வேண்டும்.

மதுவைப் பற்றி இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது சட்டம். மலையில் இரவு தங்கும் பயணங்களில் நள்ளிரவு வரை குடித்துவிட்டு, தூங்கி எழுந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் காலை ஆறு மணிக்கு இறங்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தூங்கியதால் மட்டும் இரத்தம் தெளிந்துவிடாது. அப்படி ஒருவர் இருந்தால் பயணத்தை மதியத்துக்குத் தள்ளிப்போடுவோம், எல்லோரும் காத்திருப்போம். அதில் வரும் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டமாக இருப்பதால் எல்லோரும் ஓடிப்போய் விழுந்தவரைச் சுற்றி நின்றுவிடுவார்கள்; வளைவுக்கு அப்பாலிருந்து வரும் வாகனத்துக்கு அது தெரியாது. முதல் வேலை, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக வளைவைத் தாண்டி ஓடிப்போய் வண்டிகளை நிறுத்துவது. இரண்டாவது, 108-க்கு அழைப்பது. மலையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அப்போது சிக்னல் கிடைக்கும் இடம் வரை போய்ச் சொல்ல ஒருவரைத் தனியாக அனுப்ப வேண்டும், போகிறவர் வளைவின் எண்ணைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ‘நாற்பத்தி ரெண்டாவது பெண்டு’ என்று சொன்னால் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதோ, தண்ணீர் கொடுப்பதோ, ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவதோ கூடாது. மூச்சு விட முடியாமல் திணறினால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் தாங்கிக்கொள்ள இன்னொருவர் ஹெல்மெட்டை மெதுவாக எடுக்கலாம்.

விழுந்தவர் நம் குழுவைச் சேராத ஒருவராக இருந்தாலும் நின்று உதவத் தயங்க வேண்டியதில்லை. விபத்தில் உதவுகிறவரைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழிக்கக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாக அந்தப் பாதுகாப்பு சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். பணத்தை யார் கட்டுவது என்று வாசலில் நின்று யோசிக்கும் நேரத்தை இது மிச்சப்படுத்துகிறது, ஆகவே குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் ஒவ்வொருவரும் இரத்த வகையையும் வீட்டில் அழைக்க வேண்டிய ஒருவரின் எண்ணையும் எழுதி ஸ்வீபிடம் கொடுத்துவிடுவது எங்கள் குழுவில் கட்டாயம்.

அந்த எண்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. மலை இறங்கி, ராசிபுரத்தில் டீ குடித்து, ‘சரிங்கண்ணா, பாக்கலாம்’ என்று ஆளுக்கொரு திசையில் பிரிந்த பிறகு வருகிற கடைசி நாற்பது ஐம்பது கிலோமீட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடல் களைத்திருக்கும், பொழுது சாய்ந்திருக்கும், மலையைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில் கவனம் தளர்ந்திருக்கும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவும் யாரும் இல்லை. ஆகவே பிரியும்போது ஒவ்வொருவரும் வீடு சேர எவ்வளவு நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறார்கள். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆகியும் வராதவரை ஸ்வீப் அழைப்பார். எடுக்காவிட்டால் வீட்டு எண்ணுக்கு அழைப்பார். பெரும்பாலும் ‘இப்பத்தான் வந்து குளிக்கப் போனாருங்க’ என்றுதான் பதில் வரும். அதற்காக அழைக்காமல் இருப்பதில்லை.